பதினாலாவது சட்டை

அக். 17, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. மஞ்சக்குப்பம் மைதானம் குளம். பட்டாசுக் கடைக்காரர்கள் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிளினிக்கில் கூட்டம் இல்லை. சளி இரண்டு, காய்ச்சல் மூன்று, தீபாவளிக்கு முன்பே விரலைச் சுட்டுக்கொண்ட அவசரக்குடுக்கை ஒன்று.

எனக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை. தம்பி சேகர் போய் இன்றோடு முப்பத்தேழு நாள். "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு ஏதும்மா தீட்டு? எண்ணெ தேச்சிக் குளி" என்கிறார் மாமியார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனாலும் அந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே எரிச்சல்.

ஊருக்குப் போய் முடிக்க வேண்டியவை:
– சேகர் இறப்புச் சான்றிதழ். வி.ஏ.ஓ. இருக்கும் நாள் கேட்க.
– கவிதாவுக்கு விதவைப் பென்ஷன் மனு. (முப்பத்து நாலு வயது. தம்பி பெண்டாட்டி பெயருக்கு முன்னால் இந்த வார்த்தையை என் கையாலேயே எழுத வேண்டும்.)
– நிவேதாவுக்கு மட்டும் ஒரு சுடிதார். அப்பா செத்தால் பிள்ளை என்ன பாவம் செய்தது.
– அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, ஒரு மாதத்துக்கு.

மழை என்றாலே மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிப் பிணவறை ஞாபகம். அன்றைக்கும் இப்படித்தான் ஊற்றியது.

கொள்ளிடக் கரையில் நாணலில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது என்று தகவல் வந்தபோது சேகர் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல். ஆடியில் கவிதாவோடு சண்டை. குடிதான் காரணம், வேறென்ன. போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மா மயங்கி விழுந்தாள். கவிதா வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். தாய்மாமா சொன்னார்: "செல்வி நர்ஸு. அவ போய்ப் பாக்கட்டும். அவளுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி." சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தப் பட்டம். பாம்பு வந்தால் செல்வி. ஊசி போடணுமா, செல்வி. பிணம் பார்க்கணுமா, அதற்கும் செல்வி.

முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று நாள் தண்ணீர் என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது. ஆனால் சட்டை இருந்தது. என் மகள் மஞ்சள் நீராட்டுக்குச் சிதம்பரத்தில் ஒரு முழுத் துணிச் சுருளாக எடுத்து, குடும்பத்து ஆண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி நான் தைக்கக் கொடுத்த சட்டை. மயில்கழுத்து நிறம், பையில் மஞ்சள் பட்டி. மொத்தம் பதினாலு. பதிமூன்று பேர் உயிரோடு என் கண்முன்னால். பதினாலாவது அந்த மேஜை மேல்.

"வேற அடையாளம் எதுனா பாக்குறீங்களாம்மா?" என்று போலீஸ்காரர்கள் கேட்டார்கள்.

"வேணாம். எங்க தம்பிதான்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அதை மாமா ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அக். 18, சனி. பஸ்ஸில்

எழுத்து கோணலாக வருகிறது. ரோடு பாதி, கை பாதி.

காலை பத்தே முக்கால். ஒரு தாத்தாவுக்கு ஊசி போடப் பஞ்சு தடவிக்கொண்டிருந்தேன். கவிதா போன்.

"அண்ணி, அவரு வந்திருக்காரு."

"யாரு, வி.ஏ.ஓ.வா?"

"உங்க தம்பி அண்ணி. வாசல்ல நிக்கிறாரு. பட்டாசு வாங்கியாந்திருக்காரு."

சரி, இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். சிதம்பரத்தில் எந்த டாக்டரிடம் காட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அடுத்த நொடி போனில் வேறு குரல்.

"அக்கா. என்னாக்கா இது? பஸ் ஸ்டாப்புல எனக்குப் பேனர் வச்சிருக்கீங்க! எவன்க்கா எனக்குக் கோட்டுப் போட்டு வுட்டது?"

ஃபிளெக்ஸ் கடைக்காரன் போட்ட கோட்டு. டை கூட உண்டு. "கண்ணீர் அஞ்சலி" என்று மேலே. நான்தான் போட்டோ அனுப்பினேன்.

"நர்ஸம்மா, ஊசி!" என்று தாத்தா கத்துகிறார். என் கையில் ஊசி. என் காதில் செத்துப்போன தம்பி. எப்படிப் போட்டேன், எங்கே போட்டேன், தெரியாது. தாத்தா நன்றாகத்தான் நடந்து போனார்.

இவருக்குப் போன் செய்தேன். சிப்காட்டில் பகல் ஷிஃப்ட், மெஷின் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "நெஜமா சொல்றியா, சாமி வந்து சொல்றியா?" என்றார். என் வீட்டுக்காரர் வாயில் இதற்கு மேல் ஆறுதல் வராது.

இப்போது புதுச்சத்திரம் தாண்டிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா பலகாரப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். சந்தோஷப்பட வேண்டும் நான். சிரிப்பு வருகிறது, அழுகை வருகிறது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

ஏன் என்று இப்போது தெரிகிறது. அப்படியென்றால் நான் எரித்தது யாரை?

அக். 19, ஞாயிறு. ஊர்

சேகரேதான். நேற்று உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அவன் பனியனைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் வலப்பக்கம் அப்பெண்டிக்ஸ் தழும்பு. பதினோரு வயதில் ஆபரேஷன், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் நான். பெற்றவளுக்கு அடுத்தபடி அந்தத் தழும்பைத் தெரிந்தவள் நான்தான். அன்றைக்குச் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷ வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்தவை, கேட்டபடி:
– சேகர் வாசலில் நின்று "கவி" என்றானாம். கவிதா விளக்குமாற்றை எடுத்து விளாசினாளாம். பிறகு அதே விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு அழுதாளாம்.
– நிவேதா கிட்டேயே போகவில்லை. தூரத்தில் குந்தி, அவன் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.
– அம்மா சோறு போட்டாள். இன்னும் போட்டாள். அவன் போதும் என்ற பிறகும் போட்டாள்.
– எதிர் வீட்டு அண்ணன், சேகர் படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றி எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்.

சேகர் சொல்லும் கதை: அணைக்கரைப் பக்கம் ஒரு மதகு வேலைக்குப் போயிருக்கிறான். போன் தண்ணீரில் விழுந்தது. அங்கிருந்து இன்னொரு மேஸ்திரியோடு பாலக்காடு. "யாரு நம்பருக்கா எனக்கு மனப்பாடம்? என் நம்பரே தெரியாது. கோவம் வேற. தீவாளிக்குப் போய் நின்னா எல்லாம் சரியாப் பூடும்னு நெனச்சேன்."

மடையா. சரியாப் பூடும்னு நெனச்சியா. உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, உன் பெண்டாட்டி தாலி அறுத்தாயிற்று, உன் சாம்பலைக் கொள்ளிடத்தில் கரைத்தாயிற்று.

அப்போதுதான் கேட்டேன். "அந்த மயில்கழுத்துச் சட்டை எங்கடா?"

"அதுவா? ஆரோக்கியத்துக்குக் குடுத்துட்டேங்க்கா."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஆரோக்கியம், மதகு வேலையில் கூட இருந்தவன். கடலூர் முதுநகர்க்காரன். மாதா பண்டிகைக்கு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறான். கொட்டகை ஒழுகி அவன் துணி எல்லாம் ஈரம். "பண்டிகைக்குப் போறான், போட நல்ல சட்டை இல்லேன்னான். குடுத்தேன். எங்க அக்கா எடுத்ததுடா, பத்திரம்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"என்னைக்கு?"

"பண்டிகைக்கு மொத நாளு. சட்டையப் போட்டுகினு, ஆத்துல காலு மொகம் கழுவிட்டுப் போறேன்னு எறங்கிப் போனான். தண்ணி தொறந்து வுட்ட நேரம். நாங்க வேலைல இருந்தோம். அப்புறம் அப்படியே பஸ் ஏறிட்டான் போலன்னு..." அங்கே நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

அம்மா உள்ளேயிருந்து: "என்னாடி சொன்ன எம் புள்ளகிட்ட? சாப்புட்டதெல்லாம் பூடுச்சி."

அக். 20, திங்கள். தீபாவளி

ஊரே எங்கள் வீட்டுக்கு வந்து போகிறது, பொருட்காட்சிக்கு வருகிற மாதிரி. சேகரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். "செத்துப் பொழச்சவன் நூறு வருசம் இருப்பான்" என்று ஆளுக்கொரு தடவை சொல்கிறார்கள். யாரும், ஒரே ஒருத்தர்கூட, அந்த இன்னொருவனைப் பற்றிக் கேட்கவில்லை.

மாமா மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார். ஒன்று, நல்ல நாள் பார்த்துக் கவிதாவுக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். இரண்டு, ஸ்டேஷனில் போய் ஆள் உயிரோடு வந்துவிட்டான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று, ஆரோக்கியம் கீரோக்கியம் என்ற பேச்சே இந்த வீட்டில் வரக் கூடாது.

முதல் தீர்ப்புக்குக் கவிதா பதில் சொன்னாள். "பதினாறு நாளு அழுதேன் மாமா. கொஞ்ச நாளு கோவப்பட்டுக்குறேன். தாலி அப்புறம் பாக்கலாம்." எனக்கு அவள் மேல் இன்றைக்கு வந்த மரியாதை பதினாலு வருஷத்தில் வந்ததில்லை.

மூன்றாவதற்கு நான். "அவுங்க வீட்ல தேடிகினு இருப்பாங்களே மாமா."

"தேடட்டும். இன்னொருத்தன் பொணத்தை எடுத்து எரிச்சிருக்கோம் செல்வி. அதுவும் வேதக்காரப் பொணம். பொதைக்க வேண்டியதை எரிச்சிருக்கோம். போய்ச் சொன்னா கையெடுத்துக் கும்புடுவாங்களா? கேஸு, பேப்பரு, டிவி. கையெழுத்துப் போட்டது யாரு? நீ. வேலை இருக்குமா ஒனக்கு?"

பொதைக்க வேண்டியதை எரிச்சிருக்கோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்த எனக்கு இது உறைக்கவே இல்லை. பெயரைக் கேட்டும் உறைக்கவில்லை. கிளினிக்கில் கூட வேலை செய்யும் ஸ்டெல்லா, போன வருஷம் தன் அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க அரை நாள் லீவு போட்டாள். டியூட்டி மாற்றிக் கொடுத்தவளே நான்.

அம்மாவிடம் போனேன். அவள் அதிரசம் தட்டிக்கொண்டிருந்தாள், காரியம் நடந்த வீட்டில். "எம் புள்ள வந்துட்டான். மத்தது எனக்கு வேணாம். நீ அடையாளம் காட்டுன, நான் அழுதேன். இப்ப வந்துட்டான். அவ்வளோதான்."

அதிரசம் ஒன்று கையில் வைத்தாள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

அக். 22, புதன்

ஸ்டேஷன். மாமா, சேகர், நான். மழை விட்டு வெயில், சுள்ளென்று.

ஒரு ஏட்டையா: "செத்தவனே வந்து மனு குடுக்குறான், என் சர்வீஸ்ல இதான் மொத தடவை." எல்லோரும் சிரித்தார்கள். சேகரும் சிரித்தான், பழக்கதோஷம்.

பிறகு கேட்டார்: "சரி, அப்ப அது யாரு?"

மாமா: "எங்களுக்கு என்னா சார் தெரியும்? சட்டையப் பாத்து ஏமாந்துட்டோம். அனாதைப் பொணமா இருக்கும்."

சேகர் என்னைப் பார்த்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. தைரியம் ஜாஸ்தி உள்ள செல்வி, வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதி வைக்கிறேன். வேறு யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும்.

அக். 25, சனி. கடலூர்

டியூட்டி. பட்டாசுக் காயம் ஓய்ந்துவிட்டது. இப்போது அதிரசக் காயம், வயிற்றுவலி ஏழு பேர்.

மத்தியானம் சேகர் போன். குரல் செத்துக் கிடந்தது. (இனிமேல் இந்த வார்த்தையை இவனுக்கு உபயோகிக்கக் கூடாது.) மதகு வேலை மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறான். ஆரோக்கியம் வேலைக்குத் திரும்பவே இல்லை. வீட்டிலிருந்து பெண்டாட்டி ஒரு தடவை கூப்பிட்டாளாம். "பண்டிகைக்கே கெளம்பிட்டானேம்மா" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

விலாசமும் சொன்னான். முதுநகர், மாதா கோயில் பின்னால், தண்ணி டேங்க் ஒட்டிய சந்து. பெண்டாட்டி பெயர் பிலோமினா. இரண்டு பெண் பிள்ளைகள்.

"நீயும் வர்றியாடா?"

"எப்பிடிக்கா வருவேன்? அவுங்க முன்னால உசுரோட போய் நிக்கச் சொல்றியா?"

அதுவும் சரிதான்.

என் வீட்டிலிருந்து அந்தச் சந்து ஐந்தாறு கிலோமீட்டர். அவள் கணவன் எங்கே என்று தெரியாமல் இருக்கிற இத்தனை நாளும் நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். பஸ்ஸில் உரசிக்கொண்டு நின்றிருப்போம்.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். பிறகு, "போறதுன்னா போய்ட்டு வா. போவலன்னா இனிமே ராத்திரி எழுந்து உக்காராத. ரெண்டுல ஒன்னு பண்ணு" என்றார்.

அக். 29, புதன்

போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

தண்ணி டேங்க் வரைக்கும் போனேன். குழாயடியில் ஐந்தாறு பெண்கள். குடம் வைக்கும் சத்தம், மீன் வாடை. யாரிடம் கேட்பது என்று நிற்கும்போதே ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். ஒல்லி. இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறவர்களின் கை, விரல் நுனியெல்லாம் வெளுத்து. அவள் முதுகு மறைந்ததும் பின்னால் பேச்சு:

"பிலோமினா இப்பல்லாம் யாருகிட்டயும் மூஞ்சி குடுக்க மாட்டேங்குறா."

"எப்பிடிக் குடுப்பா? புருசன் எவ கூடவோ ஓடிட்டான். பண்டிகைக்கு வர்றேன்னு சொல்லிட்டு அப்பிடியே கம்பி நீட்டிட்டான்."

"ரெண்டு பொட்டப் புள்ளய வச்சிகினு..."

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஓடிப் போகவில்லை, செத்துப் போனார், நான் பார்த்தேன் என்று. கால் தானாகத் திரும்பியது. ஆட்டோ பிடித்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஐம்பது நாளாக அவளுக்கு இந்தப் பெயர். அதுவும் என் கையெழுத்தில் வந்ததுதான். அந்த உடல் யாருடையது என்று தெரியாமல் அங்கேயே கிடந்திருந்தால், தேடிப் போனவர்கள் கண்ணில் என்றைக்காவது பட்டிருக்கும். நான் போய் எங்களுடையது என்று எடுத்து வந்துவிட்டேன்.

அக். 31, வெள்ளி

ஸ்டெல்லாவுக்கு நாளை மத்தியானத்துக்கு மேல் லீவு. ஞாயிறு கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு, பிரஷ், பூ என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு என்னாக்கா மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றாள். தலைவலி என்றேன்.

நாளை. கண்டிப்பாக நாளை.

நவ. 1, சனி

சொல்லிவிட்டேன்.

ஓட்டு வீடு, ஒரே அறை, பின்னால் சமையல். பிலோமினாவும் மாமியாரும் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் கோயிலுக்குப் போயிருந்தன. ஒங்க வீட்டுக்காரரைப் பத்திப் பேசணும் என்று ஆரம்பித்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"எங்க இருக்கான்னு சொல்ல வந்தீங்களா? அங்கியே இருக்கச் சொல்லுங்க. எவளுக்குச் சம்பாரிச்சிப் போடுறானோ அவளையே சோறாக்கிப் போடச் சொல்லுங்க."

பஸ்ஸில் வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்தேன். முதலில் சட்டை, பிறகு ஆறு, பிறகு ஆஸ்பத்திரி, கடைசியில் நான். அந்த வரிசையில்தான் சொன்னேன். முறத்தில் இருந்த அரிசியில் அவள் விரல் போய்ப் போய் வந்தது.

முடித்ததும் கேட்டாள். "கையி? எடது கை சுண்டு வெரலு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடங்கியிருந்தது. பழைய முறிவு, சரியாகச் சேராதது. பார்த்தேன், அன்றைக்கே பார்த்தேன். நர்ஸின் கண் பார்த்தது. அக்காவின் கண், போன இடத்தில் அடிபட்டிருக்கும் என்று தள்ளிவிட்டது. இத்தனை நாளும் அது ஞாபகத்துக்கே வரவில்லை, அவள் கேட்கும்வரை.

"மடங்கியிருந்துச்சி" என்றேன்.

பிலோமினா எழுந்தாள். சமையல் கதவுப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "அத்தே! ஒம் புள்ள ஓடிப் போவல! கேட்டியா? ஓடிப் போவல! வீட்டுக்குத்தான் வந்துகினு இருந்திருக்காரு!"

அந்தக் குரலில் முதலில் இருந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம். என் ஆயுசில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் சுவரோடு சரிந்தாள். கிழவி வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்கம்மா பொதைச்சிருக்கீங்க? நாளைக்குக் கல்லறைத் திருநாளு. மெழுகுவத்தி வாங்கிகினு வந்துர்றோம். எடத்தை மட்டும் காட்டுங்க, போதும்."

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை.

"பொதைக்கலைங்க. எங்க வழக்கப்படி... எரிச்சிட்டோம். சாம்பலை ஆத்துல வுட்டுட்டோம்."

அரிசி முறம் அப்படியே கிடந்தது. வெளியே யாரோ சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனார்கள். பிலோமினா கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அழுதீங்களா?"

"எங்க அம்மா மார்ல அடிச்சிகினு அழுதாங்க. ஊரே அழுதுச்சி."

"என்னா பேரு சொல்லி அழுதாங்க?"

"சேகர்னு."

"அவரு பேரை ஒருத்தருமே சொல்லலியா?"

இல்லை என்றேன்.

நவ. 2, ஞாயிறு. ஊர்

காலையில் தூறல், பிறகு மூட்டம். திங்கட்கிழமை ஸ்டேஷன்: பெயர், விலாசம், என் தப்பு எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளினிக் டாக்டரிடமும் நானே சொல்லிவிட வேண்டும். மாமா பேசுவதில்லை, அது ஒரு நிம்மதி.

குமராட்சியில் இறங்கி மினி பஸ் பிடித்து வந்தார்கள். பிலோமினா, கிழவி, பெரிய பெண். கையில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி, சாமந்திப் பூ. பேனரை நேற்றே கழற்றச் சொல்லிவிட்டேன். சேகர் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தான். வரமாட்டேன் என்றவன்தான். கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்து, "சட்டை குடுத்த புள்ளயா?" என்று கேட்டு, அவன் கன்னத்தைத் தடவினாள். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிலோமினா அதையெல்லாம் கேட்கவில்லை, நடந்தாள். பின்னால் நான், கவிதா, சேகர். எரித்த இடத்தைச் சேகர் காட்டவில்லை, அவனுக்கு எப்படித் தெரியும். நான்தான் விசாரித்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அதே இடத்தில் இன்னும் இரண்டு பேரை எரித்துவிட்டார்களாம். அதையும் சொல்லிவிட்டேன். இனிமேல் எதையும் மறைக்கிற தெம்பு இல்லை.

ஆற்றோரம் காற்று. மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பெரிய பெண் ஒவ்வொன்றாகக் கொளுத்தி உள்ளங்கையால் மறைத்து மறைத்துப் பார்த்தாள். மூன்றாவது மட்டும் நின்றது. கிழவி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். பிலோமினாவுக்கு அழுகை வரவில்லை. வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தால் வரப்பில் அம்மா. யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வாரமாக இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போனவள். குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் புள்ள பேரு என்னான்னு சொன்ன?"

சொன்னேன்.

சேற்றிலேயே பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தோளில் கை போட்டாள். அன்றைக்கு அழுத அதே ராகத்தில், அதே உரத்த குரலில் ஆரம்பித்தாள். என் ராசா, தண்ணியில போன தங்கமே, பண்டிகைக்கு வந்த மகனே. பிலோமினா உடைந்து போய் அவள் மடியில் விழுந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. நடுவில் வாய் பழகின பக்கம் திரும்பிவிட்டது. "ஏ சேகரு, எம் மகனே சேகரு" என்று வந்துவிட்டது. சேகர் அங்கேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

மடியில் கிடந்தபடியே பிலோமினா திருத்தினாள். "ஆரோக்கியம்மா. ஆரோக்கியம்."

அம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.